அம்மாவின் சீட்டுப் பணம்

வானொலியில் நேயர்களின் பணக் கேள்விகளை நிபுணர்களிடம் கேட்டுச் சொல்வது என் வேலை. போன மாதம் கேள்வி வீட்டுக்கே வந்தது. சீட்டு எடுத்த 10,000 வெள்ளியை நீட்டிய அம்மா, “எதுல போடப்போறேன்னு சொல்லிட்டுப் போடுப்பா” என்றார்.

“இடிஎஃப்ம்மா. ஒரே பங்கை நம்பாமல், பல நிறுவனப் பங்குகளை ஒரே கூடையாகப் பங்குச் சந்தையில் வாங்குவது.”

ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் 30 நிறுவனங்கள் என்றதும் அவருக்குத் திருப்தி. எனக்குத்தான் உறுத்தியது. அதில் ஏறக்குறைய பாதி எடை டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய மூன்று வங்கிகளுக்கே. கூடையில் எத்தனை என்பதைவிட எது எவ்வளவு என்பதே முக்கியம்.

அடுத்தது கட்டணம். 10,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 0.3 விழுக்காடு என்றால் 30 வெள்ளி, 1.5 விழுக்காடு என்றால் 150 வெள்ளி. லாபமோ நட்டமோ, இது போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வரி. அமெரிக்காவில் பதிவான நிதி தரும் லாப ஈவில் சிங்கப்பூரர்களுக்கு 30 விழுக்காடு பிடிப்பார்கள். அதே அமெரிக்கப் பங்குகளை அயர்லாந்தில் பதிவான நிதிவழி வாங்கினால் பிடித்தம் 15 விழுக்காடுதான்.

எல்லாம் சொல்லி முடித்தபின் அம்மா கேட்டார்: “அடுத்த வருஷம் முட்டி ஆபரேஷனுக்கு எடுக்கலாம்ல?”

முதலில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஓராண்டில் சந்தை சரிந்தால் மீள அவகாசம் இல்லை.

அம்மாவின் பணம் வைப்புத்தொகைக்குப் போனது. இடிஎஃபுக்குப் போவது என் சம்பளத்தில் மாதம் 200 வெள்ளி. இருபது ஆண்டுகள் தொடப்போவதில்லை.