ஆப்பிரிக்க வண்ணமீன்: எதோடு எதைச் சேர்ப்பது?



பலசரக்குக் கடைக்காரருக்குச் சரக்கு அடுக்க யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கூடையை வைக்க மாட்டோம். சலவைச் சோப்பையும் பச்சரிசியையும் ஒரே தட்டில் அடுக்க மாட்டோம். பெருங்காயத்துக்கு என்றும் தனி டப்பாதான். எல்லாம் நல்ல சரக்குதான். ஆனால் சேர்த்து வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும். வண்ணமீன் வியாபாரத்துக்கும் முதல் பாடம் இதுவே.

நம் மாவட்டத்தில் பலசரக்கு, ஸ்டேஷனரி, கோழித்தீவனக் கடைகள் சிலவற்றில் இன்று ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. பக்கத்தில் மீன் தீவனப் பாக்கெட் தொங்குகிறது. கோட்டாற்றில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்களும் கோழித்தீவனத்தோடு மீன் தீவனமும் கொடுத்து வருகிறோம். சரக்கு எடுக்க வரும் கடைக்காரர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இந்த ஆப்பிரிக்கன் மீனு ஒண்ணையொண்ணு கொத்தியே கொல்லுது. கூட எதைத்தான் விடுறது?" அதற்கு எங்களுக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதுகிறோம்.

நமக்குத் தெரிந்த குடும்பம்தான்

சிக்லிட் என்ற பெயர் நமக்குப் புதிது, குடும்பம் புதிதல்ல. காயல்களில் பிடிபடும் கரிமீன் இந்தக் குடும்பம்தான். அதன் சிறிய உறவு பள்ளத்தி. இந்திய நீர்நிலைகளில் இயற்கையாகவே உள்ள சிக்லிட் மூன்று வகைகளில் இவை இரண்டு. நம் குளங்களில் நிறைந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டையோ ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஆகவே ஆப்பிரிக்க சிக்லிட்டின் குணத்தை அறிய வெகுதூரம் போக வேண்டாம். ஜிலேபியின் ஆண் மீன் குளத்தடியில் குழி பறித்து இடம் பிடிக்கும். கிட்டே வருவதை விரட்டும். தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும். மலாவி ஏரி மீன்களும் அப்படியே. தாய் சுமார் மூன்று வாரம் முட்டையையும் குஞ்சையும் வாயில் சுமக்கும். இடம் பிடிப்பதும் அதைக் காப்பதும் இந்தக் குடும்பத்தின் பரம்பரைக் குணம். மலாவி ஏரியின் நீளம் 500 கிலோமீட்டருக்கும் அதிகம். அங்கே தோற்ற மீன் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். நாலடித் தொட்டியில் ஓட இடம் ஏது?

முதலில் தண்ணீர்

நட்பாராய்தல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். மீனுக்கு அந்த ஆராய்ச்சியைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் கடைகளுக்கு வரும் ஆப்பிரிக்க சிக்லிட்டில் பெரும்பாலானவை மலாவி ஏரி வகைகள். சில டாங்கனிக்கா ஏரி வகைகள். இரண்டு ஏரியின் தண்ணீரும் கடினமானது, காரத்தன்மை உடையது. மலாவியில் பி.எச். சுமார் 7.8 முதல் 8.6 வரை, டாங்கனிக்காவில் 9 வரை போகும். தென்னமெரிக்காவின் அமேசான் பக்கத்து நியான் டெட்ரா, டிஸ்கஸ், ஏஞ்சல் ஆகியவை மென்மையான, புளிப்புத்தன்மை கொண்ட தண்ணீரில் பழகியவை. இவற்றை ஒரே தொட்டியில் போட்டால் சண்டை வராவிட்டாலும் யாராவது ஒருவருக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது.

நம் மாவட்டத்திலேயே தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். மலையிலிருந்து இறங்கும் அணைத் தண்ணீர் பொதுவாக மென்மையானது. கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் கூடும். பி.எச். பார்க்கும் சிறு டெஸ்ட் கிட் ஒன்றைக் கடையில் வைத்திருங்கள். வாடிக்கையாளர் ஒரு குப்பியில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். மென்மையான தண்ணீர் என்றால் கோழித்தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் குறுணையை நன்றாகக் கழுவி, துணிப்பையில் கட்டி ஃபில்டரில் போடலாம்; அது மெல்லக் கரைந்து கடினத்தன்மை தரும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கிளிஞ்சல் வேறு, சுட்ட சுண்ணாம்பு வேறு. சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டால் மீன் செத்துப்போகும். அடுத்து, பவளப்பாறைத் துண்டு. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் கடையில் வாங்கி வைக்காதீர்கள்.

இரண்டாவது உணவு

மலாவி மீன்களை வியாபாரத்துக்காக இரண்டு பிரிவாகப் பார்த்தால் போதும். பாறை இடுக்கில் வாழ்பவை எம்புனா. பாறைக்கு வெளியே நீந்துபவை பீகாக், ஹேப் வகைகள்.

எம்புனாவில் பல வகைகள் பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. அவற்றின் குடல் நீளமானது. புழு, இறைச்சி என்று கொழுத்த தீனி போட்டால் வயிறு வீங்கிச் சாகும். ஸ்பைருலினா பாசி கலந்த தீவனமும், இடையிடையே வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியும் கீரையும் போதும். ஹேப் வகைகளில் பல, பூச்சியும் சிறு மீனும் பிடித்துத் தின்பவை. லிவிங்ஸ்டோனி என்று ஒரு மீன். செத்ததுபோல் மணலில் சாய்ந்து கிடந்து, கொத்த வரும் சிறு மீனைப் பிடித்து விழுங்கும். அதை ஓரங்குல மீன்களோடு சேர்த்து விற்றால் மறுவாரம் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். சைவப் பந்தியையும் அசைவப் பந்தியையும் ஒரே இலையில் பரிமாற முடியாது. ஆகவே எம்புனாவை எம்புனாவோடும், பீகாக்கை அமைதியான ஹேப்போடும் சேர்ப்பதே வழி. எலெக்ட்ரிக் யெல்லோ என்ற மஞ்சள் மீன் எம்புனாவானாலும் சாதுவானது; பூச்சி தின்னும் வகை. இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

மூன்றாவது குணமும் கணக்கும்

வண்ணமீன் கடைகளில் ஜோடி என்ன விலை என்று கேட்பது வழக்கம். அந்த ஜோடிக் கணக்கு எம்புனாவுக்கு உதவாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருந்தால் ஆண் அந்தப் பெண்ணை ஓயாமல் விரட்டும். ஒளிய இடமில்லாமல் அது செத்துப்போகும். ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண் வேண்டும். அப்போதுதான் விரட்டல் எல்லோருக்கும் பங்காகும்.

எங்களிடம் தீவனம் எடுக்கும் ஒரு கடைக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறோம். மாதச் சரக்கு முழுவதும் அவரிடமே வாங்கும் ஒரு வீட்டார், பிள்ளைகள் கேட்டார்கள் என்று நாலு நிறத்தில் நாலு ஜோடி வாங்கிப் போனார்கள். மூன்று மாதத்தில் மிஞ்சியது இரண்டு மீன். வீட்டார் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வேறு கடையில் வாங்கினார்கள். எட்டு மீன் விற்ற லாபம் எவ்வளவு, போன கணக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சண்டையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு.

தொட்டி நாலடி நீளமாவது இருக்க வேண்டும். நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்றால் சுமார் 255 லிட்டர். நீளம்தான் முக்கியம், உயரத்தால் பயனில்லை.

பாறைகளை அடுக்கிப் பல பொந்துகள் அமைக்க வேண்டும். ஒரு மீனின் பார்வையில் இன்னொன்று எப்போதும் படாமல் இருப்பதே பாதிச் சமாதானம்.

மீன்களை ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே அளவில் விட வேண்டும். முதலில் வந்தது தொட்டி முழுவதும் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு புதிதாக விட நேர்ந்தால் பாறைகளை மாற்றி அடுக்கிவிட்டு விட வேண்டும்.

ஒரே நிறம், ஒரே கோடு உள்ள இரண்டு வகைகளைச் சேர்க்கக் கூடாது. தன்னைப் போலிருக்கும் ஆணைத்தான் ஆண் மீன் முதலில் அடிக்கும்.

எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டி வைத்தால் ஒரே மீன் அடி வாங்குவது குறையும் என்பது வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் முறை. அதற்கு விலை உண்டு. காரத் தண்ணீரில் மீன் கழிவின் அம்மோனியா அதிக விஷமாகும். நல்ல ஃபில்டரும், வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றமும் இல்லாதவருக்கு இந்த முறையைச் சொல்லவே கூடாது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக்கிய பிறகே ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்பும் வேண்டும்.

ஆரட்டஸ், கென்யி இரண்டும் பார்வைக்கு அழகு, குணத்தில் முரடு. கென்யி குஞ்சு நீலமாக இருக்கும். ஆண் வளர்ந்ததும் மஞ்சளாக மாறும். நீல மீன் வாங்கியவர் மஞ்சள் மீன் ஆகிவிட்டதே என்று வந்து நிற்பார், விற்கும்போதே சொல்லிவிடுங்கள். புதிதாக வளர்ப்பவருக்கு இந்த இரண்டையும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கலப்புச் சரக்கு

சென்னை கொளத்தூர் வட்டாரம் வண்ணமீன் உற்பத்திக்கும் மொத்த விற்பனைக்கும் பெயர்பெற்றது. அங்கிருந்தானாலும் வேறெங்கிருந்தானாலும், ஆப்பிரிக்கன் மிக்ஸ் என்று ஒரே பையில் வரும் சரக்கு விலை மலிவாக இருக்கும். ஓரங்குலக் குஞ்சில் எது எம்புனா, எது ஹேப் என்று பழகிய கண்ணுக்கே தெரியாது. பீகாக் பெண் மீன்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வகை மாறிக் கலந்து குஞ்சு பொரித்தால் நிறம் கெட்டுப்போகும். மிளகில் பப்பாளி விதை கலந்து வந்தால் நாம் வாங்குவோமா? பெயர் சொல்லி, வகை பிரித்துத் தரும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். நாலு காசு கூடினாலும் பொறுப்போடு விற்கலாம்.

வேறு குடும்பத்துத் துணை

சிக்லிட் அல்லாத துணை வேண்டுமென்றால் அதே ஊர்க்காரரைத் தேடலாம். சினோடான்டிஸ் என்ற ஆப்பிரிக்கக் கெளுத்தி தண்ணீராலும் முரட்டுத்தனத்தாலும் ஈடுகொடுக்கும். அதில் டாங்கனிக்காவின் ஒரு வகை, குயிலைப் போன்றது. தன் முட்டையைச் சிக்லிட் முட்டையோடு கலந்து விட்டுவிடும். தாய் சிக்லிட் தன்னுடையது என்று வாயில் சுமக்க, கெளுத்திக் குஞ்சு முதலில் பொரித்து மற்றதைத் தின்றுவிடும். வளர்ப்பவர் விவரம் அறிந்து வாங்கட்டும்.

தங்கமீன் மெதுவாக நீந்தும். அதன் நீண்ட துடுப்பைக் கொத்திவிடும். கப்பி இரையாகிவிடும். ஃபைட்டர், ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் மூன்றையும் இந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சக்கர் மீன் சிறியதாக விற்கும். ஓரடிக்கு மேல் வளரும் என்பதை வாங்குபவருக்குச் சொல்லுங்கள்.

இயற்கையிலும் நட்பு முழு நட்பல்ல. பள்ளத்திக் குஞ்சு கரிமீனின் உடலில் உள்ள ஒட்டுண்ணியைக் கொத்தி எடுத்துச் சுத்தம் செய்யும். அதே பள்ளத்தி சமயம் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் தின்னும். உதவியும் உண்டு, உபத்திரவமும் உண்டு. இடம் விசாலமாக இருப்பதால் இரண்டும் வாழ்கின்றன.

கேட்டு விற்போம்

மீன் கேட்டு வருபவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். தொட்டி எத்தனை அடி? தண்ணீர் எங்கிருந்து? உள்ளே இப்போது என்ன மீன் இருக்கிறது? ஃபில்டர் உண்டா? பதில் சரியில்லை என்றால், "இது உங்க தொட்டிக்கு ஒத்துவராது, தம்பி" என்று சொல்லிவிடுங்கள். அன்று ஒரு வியாபாரம் போகும். வாடிக்கை நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சண்டை போடும் மீனை, பெருத்துவிட்ட மீனை, பாவம் பார்த்துக் குளத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. அந்நிய மீன் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவே சாட்சி. விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனை மீன்பிடித் தொழிலுக்காக விட்டார்கள். 1980களில் அது பெருகி ஏற்றுமதி வியாபாரம் வளர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த ஏரிக்கே உரிய சிக்லிட்டில் 200 வகைகள் வரை அழிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஒரு துணையைத் தவறாகச் சேர்த்ததில் ஓர் ஏரியே இழந்த சொத்து அது.

ஆகவே வேண்டாம் என்று திரும்பி வரும் மீனை நாமே வாங்கிக்கொள்வோம். கடையில் அதற்கென ஒரு தொட்டியை ஒதுக்குங்கள். பணம் திருப்பித் தர இயலாவிட்டால் அந்த மதிப்புக்குத் தீவனம் கொடுங்கள். குளத்தில் விடாதீர்கள், இங்கே கொண்டுவாருங்கள் என்று ஓர் அட்டையில் எழுதித் தொட்டியின் மேல் மாட்டுங்கள். மீன் விற்கும் நம் சங்க உறுப்பினர்கள் அனைவரும் இதைச் செய்தால் நம் குளங்களுக்கும் நல்லது, நம் கடைகளுக்கும் நல்லது.