வலிக்கு முன்பே தெரியும் காயம்

புது தில்லி: ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்ட இளைஞர்கள் ராணுவத்தில் சேர 1.6 கி.மீ. ஓட்டத்தில் தேற வேண்டும். தேர்வான பின்னர், பயிற்சியின் சுமையைப் பெரிதும் தாங்குவது குதிகால் தசைநாண்.

சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இத்தசைநாண் தடிப்பதையும், இழைகள் சிதைவதையும் வலி தோன்றும் முன்பே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிவிடும், கதிர்வீச்சும் இல்லை. இத்தகைய மாற்றமுள்ளோருக்குப் பின்னர் வலி வரும் வாய்ப்பு அதிகம் என, டென்மார்க் கால்பந்து வீரர்களைப் பற்றி 2002-ல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. ஆயினும், அவர்கள் அனைவருக்கும் வலி வருவதில்லை.

2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன்பின் நிரந்தரப் பணி 25 சதவீதம் பேர் வரை மட்டுமே. எனவே, ஸ்கேன் முடிவு பயிற்சிச் சுமையைச் சீர்செய்யப் பயன்பட வேண்டுமே தவிர, நலமாக உள்ளவரை வெளியேற்றும் காரணமாகிவிடக் கூடாது.