வார இறுதி மலையேற்றம்: நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள் அறிய வேண்டியவை

கோயம்புத்தூர் மாவட்டத்தின் வெள்ளியங்கிரி மலைக்குப் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் திரளாகச் செல்கின்றனர். ஏழு மலைகளைக் கடந்து உச்சியை அடையும் இப்பாதை ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஆகும். "தினமும் இவ்வளவு தூரம் நடக்கிறேனே" என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் சமதளத்தில் நடப்பதைக் காட்டிலும் செங்குத்தான படிகளில் ஏறும்போது இதயத்திற்கு மிகுந்த உழைப்பு தேவைப்படுகிறது. உச்சியை அடைந்தாலும் பயணம் பாதிதான் முடிந்திருக்கும். இறங்குவதற்கும் உடலில் வலு வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு முதன்மையான ஆபத்து இரத்தச் சர்க்கரைக் குறைவு ஆகும். நடக்கும்போது தசைகள் சர்க்கரையை வேகமாக எடுத்துக்கொள்கின்றன. இன்சுலின், கிளிமெபிரைடு, கிளைபென்கிளமைடு ஆகிய மருந்துகளும் அதே வேலையைச் செய்கின்றன. வழக்கமான அளவு மருந்தை எடுத்துக்கொண்டு, விரதம் கருதி உணவைத் தவிர்த்து மலையேறுவது மிகவும் ஆபத்தானது. தொடையில் இன்சுலின் செலுத்திக்கொண்டு உடனே நடந்தால் அது விரைவாக உட்கிரகிக்கப்படும். அன்று வயிற்றுப் பகுதியில் செலுத்திக்கொள்வது நலம். மருந்தின் அளவை எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் பயணத்திற்குச் சில நாட்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறியவும். "ஒரு நாள்தானே" என்று மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவோரும் உள்ளனர். இரத்த அழுத்த மாத்திரையையோ இதய மாத்திரையையோ அவ்வாறு நிறுத்துதல் கூடாது.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம், காரணமற்ற எரிச்சல் ஆகியவை சர்க்கரைக் குறைவின் அறிகுறிகள். மெட்டோபுரோலால், அடினோலால் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குப் படபடப்பு தோன்றாமல் போகலாம். ஆனால் வியர்வை தெரியும். உடன் செல்பவர் இதை அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் சர்க்கரை குறையும்போது நோயாளி பெரும்பாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்வார்.

உடனே உட்கார வைத்து, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும். 15 நிமிடங்களில் மீண்டும் சோதித்து, அளவு 70 மி.கி.க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் கொடுக்கவும். கடலை மிட்டாய், சாக்லேட் ஆகியவற்றில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். அவசரத்திற்கு அவை உதவா. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்கவும். மலைப் பகுதிகளில் கைபேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம் என்பதால், தனியே செல்ல வேண்டாம்.

இதய நோய் உள்ளவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறும்போது நெஞ்சு வலியோ கடும் மூச்சிரைப்போ ஏற்பட்டால், மருத்துவரைப் பார்க்கும் வரை மலையேற்றம் வேண்டாம். இச்சோதனையில் சிரமம் ஏற்படாவிட்டாலும் அதையே அனுமதியாகக் கொள்ளக் கூடாது. அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும் மருத்துவரின் தெளிவான ஒப்புதலின்றிச் செல்லக் கூடாது.

ஏறும்போது இயல்பாகப் பேச முடிகின்ற வேகமே உங்களுக்கு ஏற்ற வேகம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, மயக்கம் தோன்றினால் அங்கேயே நின்று உட்காரவும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பின்போதுகூட வலி இல்லாமல் மூச்சுத்திணறலும் அளவற்ற சோர்வும் மட்டுமே ஏற்படலாம். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று அவரை ஊக்கப்படுத்தி மேலே அழைத்துச் செல்ல வேண்டாம். உதவிக்கு ஆள் அனுப்பவும். நாவின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தவர்களுக்கு மட்டுமே கொடுக்கவும்.

வெறுங்காலுடன் ஏறுவது பலரின் நேர்த்திக்கடனாக இருக்கலாம். பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் கூர்மையான கல் கிழித்தாலும் அறியமாட்டார்கள். அப்புண் காலை இழக்கும் நிலைவரை கொண்டு செல்லக்கூடும். ஆகவே, பழகிய காலணியும் பருத்திக் காலுறையும் அணியவும். நேர்த்திக்கடனை அடிவாரக் கோயிலிலேயே நிறைவேற்றலாம்.

திரும்பிய அன்றிரவு படுக்கும் முன் சர்க்கரையைச் சோதிக்கவும். கடும் நடைக்குப் பின் 24 மணி நேரம் வரை, உறக்கத்திலும்கூட, சர்க்கரை குறையக்கூடும். பாதங்களின் அடிப்பகுதியையும் விரல் இடுக்குகளையும் மற்றொருவர் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, கொப்புளமோ கீறலோ இருந்தால் மறுநாளே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவும்.