விளம்பரக் குறியும் விற்பனைக் கணக்கும்

கூட்டுறவுச் சங்கம் விளம்பரத்திற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அங்கத்தினர்களின் உழைப்பிலிருந்து வந்ததேயாகும். தறியில் ஓடிய நாடாவும் தோட்டத்தில் வெட்டிய குலையும் ஈட்டித் தந்த பணம் அது. ஆதலின் அப்பணத்தால் விளைந்த பயன் யாது என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை. விடை கூறுவது நிர்வாகக் குழுவின் கடமை. துண்டுப் பிரசுரம், சுவரொட்டி ஆகியவற்றைப் பொறுத்தவரை இவ்விடை எளிதில் கிட்டுவதில்லை. கண்டவர் எத்தனை பேர், அதைக் கண்டு கடைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பது வெறும் ஊகமாகவே இருந்து வந்தது. கியூ.ஆர். குறி இவ்வூகத்தில் ஒரு பகுதியைக் கணக்காக மாற்றித் தருகிறது. எப்பகுதியை மாற்றுகிறது, எப்பகுதியை மாற்றுவதில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறியின் வரலாறு

கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டங்களைக் கொண்ட இக்குறியை 1994ஆம் ஆண்டில் ஜப்பானிய டென்ஸோ நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரா மஸாஹிரோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். மோட்டார் வாகன உறுப்புகளைத் தொழிற்சாலையில் அடையாளம் கண்டு கணக்கு வைப்பதே அதன் முதல் நோக்கம். பழைய கோட்டுக் குறியில் ஏறக்குறைய இருபது எழுத்துக்களே அடங்கும். இதிலோ ஏழாயிரம் இலக்கங்கள் வரை அடங்கும். மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்கள், குறியை எப்பக்கமாகப் பிடித்தாலும் கருவி அதை அறிந்துகொள்ள உதவுகின்றன. அந்நிறுவனம் தனது காப்புரிமையை வலியுறுத்தாமல் விட்டதனால், உலகோர் அனைவரும் கட்டணமின்றி இதனைப் பயன்படுத்த முடிந்தது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை தொடங்கிய பின்னர், தேநீர்க் கடை முதல் பூக்கடை வரை இக்குறி பரவிவிட்டது. ஆனால் கடையில் நாம் காண்பது பணம் செலுத்தும் குறி. நாம் இங்குப் பேசுவது வாங்குவோரைச் சங்கத்தின் இணையப் பக்கத்திற்கு அழைத்துச் செல்லும் விளம்பரக் குறி. இரண்டையும் ஒரே அட்டையில் அடுத்தடுத்து அச்சிட்டால் வாங்குவோர் குழப்பமடைவர்.

கணக்கு எங்கே எழுதப்படுகிறது?

அச்சிட்ட குறி தானாக எதையும் எண்ணுவதில்லை. அது ஒரு முகவரியைச் சொல்லும் பலகை மட்டுமே. விளம்பரக் குறிகள் இரு வகைப்படும். முதல் வகை நிலைக் குறி. இதில் போய்ச் சேரவேண்டிய பக்கத்தின் முகவரியே நேராக எழுதப்பட்டிருக்கும். அச்சிட்டபின் மாற்ற இயலாது. இரண்டாம் வகை மாறு குறி. இதில் ஓர் இடைவழி முகவரி எழுதப்பட்டிருக்கும். கைப்பேசி முதலில் அம்முகவரியை அடையும். அங்குள்ள கணினி அவ்வருகையைப் பதிவு செய்துகொண்டு, உரிய பக்கத்திற்கு வழி அனுப்பும். சேருமிடத்தைப் பின்னர் மாற்றினாலும் அச்சிட்ட அட்டையை மாற்ற வேண்டுவதில்லை.

இவ்வாறு பதிவாகும் செய்திகள் நான்கு: ஸ்கேன் செய்த நாளும் நேரமும், கைப்பேசியின் வகை, ஏறக்குறைய எந்த ஊர் என்பது, முன்பு வந்த கைப்பேசியா புதியதா என்பது. பெயரும் தொலைபேசி எண்ணும் இதில் வருவதில்லை. ஊர்ப் பெயரையும் அப்படியே நம்புதல் கூடாது. அது இணைய இணைப்பின் எண்ணைக் கொண்டு கணிக்கப்படுவது. நாகர்கோவிலில் நிற்பவரின் ஸ்கேன், கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பு அமைந்துள்ள வேறொரு பெருநகரத்தின் பெயரில் பதிவாகலாம்.

இடத்திற்கு ஒரு குறி

ஊரை அறிவதற்குச் சிறந்த வழி, ஒவ்வோர் இடத்திற்கும் தனிக் குறி வைப்பதே. கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒன்று, வடசேரிப் பேருந்து நிலையத்தில் ஒன்று, விற்ற வேட்டியின் சீட்டில் ஒன்று என அச்சிட்டால், எது எங்கிருந்து வந்தது என்பதைக் கணிப்பின்றி அறியலாம். எல்லா இடத்திலும் ஒரே குறியை ஒட்டிவிட்டு, பின்னர் எந்த இடம் பயன் தந்தது என்று கேட்பது, எல்லாத் தோட்டத்துக் குலைகளையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, எவருடைய குலை எடை மிகுந்தது என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கடற்கரைப் பலகைக்குச் செலவு 3,000 ரூபாய், ஸ்கேன் 600, விற்பனை 6. பேருந்து நிலையப் பலகைக்குச் செலவு 2,000 ரூபாய், ஸ்கேன் 80, விற்பனை 10. வேட்டிச் சீட்டுக்குச் செலவு 1,000 ரூபாய், ஸ்கேன் 40, விற்பனை 12. ஸ்கேன் எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் கடற்கரையே முதலிடம் பெறும். ஒரு விற்பனைக்கு ஆன செலவை நோக்கினாலோ, கடற்கரையில் 500 ரூபாய், பேருந்து நிலையத்தில் 200 ரூபாய், சீட்டில் ஏறக்குறைய 83 ரூபாய். வரிசை தலைகீழாகிவிட்டது! ஸ்கேன் என்பது வாசலில் நின்று எட்டிப் பார்த்தவரின் கணக்கு. விற்பனை என்பது பேரேட்டில் ஏறிய கணக்கு. முன்னதைப் பின்னதாக எண்ணுவதே இத்துறையில் நேரும் பெரும் பிழை.

இரண்டையும் இணைக்க ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு குறியும் காட்டும் பக்கத்தில் வெவ்வேறு தள்ளுபடிச் சொல்லை அமைக்கலாம். அச்சொல்லைக் கூறிக் கடையில் வாங்குவோரை விற்பனையாளர் பில்லிலேயே குறித்துக்கொள்ளலாம். இங்ஙனம் செய்யாவிடில், கடற்கரையில் ஸ்கேன் செய்துவிட்டு மறுநாள் நேரில் வந்து வாங்கியவர் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்.

ஏமாற்றும் எண்கள்

முதலாவதாக, சங்க ஊழியர்கள் சோதனைக்காகச் செய்யும் ஸ்கேன்களைக் கழிக்க வேண்டும். இரண்டாவதாக, ஒருவரே ஐந்து முறை செய்ததை ஐந்து பேராக எண்ணலாகாது. மூன்றாவதாக, பருவத்தை நோக்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை சபரிமலை யாத்திரிகர் கூட்டம் கன்னியாகுமரியை நிறைக்கும். ஆவணியில் ஓணத்தை முன்னிட்டுத் தோவாளைப் பூவுக்கும் ஏத்தன் குலைக்கும் கேரளத்தில் தேவை மிகும். ஆவணி மாதத்தை ஆனி மாதத்தோடு ஒப்பிட்டு, விளம்பரத்தால் விற்பனை உயர்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. சென்ற ஆண்டின் ஆவணியோடு ஒப்பிடுவதே முறை. மேலும், ஆறு விற்பனைக்கும் பத்து விற்பனைக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடும். இரண்டொரு பருவங்கள் பார்த்த பின்னரே ஓரிடத்தைக் கைவிடத் துணிய வேண்டும்.

சரக்கின் தன்மையும் கணக்கை மாற்றும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நமது மட்டி வாழைப்பழம் சில நாட்களில் உண்ணப்பட்டுவிடும். அதன் சீட்டிலுள்ள குறிக்கும் ஆயுள் சில நாட்களே. கிராம்புப் பொட்டலமோ அடுக்களையில் பல மாதங்கள் இருக்கும். அடுத்த முறை வாங்க எண்ணும்போதுதான் அதன் குறி நினைவுக்கு வரும். ஆதலின் முதல் மாதத்தில் ஸ்கேன் குறைவு என்று கிராம்புச் சீட்டைத் தள்ளிவிடலாகாது.

போலியைக் காட்டும் குறி

நெசவாளர்க்கு இதில் வேறொரு பயனும் உண்டு. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்கும் தீமையைத் தடுக்க, மத்திய அரசு 2006ஆம் ஆண்டில் கைத்தறி முத்திரையை ஏற்படுத்தியது. 2020 ஆகஸ்ட் 7ஆம் நாள், தேசியக் கைத்தறி தினத்தன்று, அம்முத்திரைக்கான கைப்பேசிச் செயலி தொடங்கப்பட்டது. ஒவ்வொரு துணியிலும் ஒட்டப்படும் தனித்தனி கியூ.ஆர். சீட்டைக் கொண்டு, துணியின் உண்மையையும் பிறப்பிடத்தையும் வாங்குவோர் அறியலாம் என்பது அதன் ஏற்பாடு. துணிக்குத் துணி எண் வேறாக இருப்பதன் பொருளை நாம் உணர வேண்டும். குறியின் படத்தை எவரும் நகல் எடுத்துவிடலாம்; ஆனால் ஒரு வேட்டிக்குரிய எண் ஒரே வாரத்தில் பற்பல கைப்பேசிகளிலிருந்து நூற்றுக்கணக்கில் ஸ்கேன் செய்யப்படுமானால், அச்சீட்டு நகலெடுக்கப்பட்டதோ என ஐயுற இடமுண்டு. இங்கு ஸ்கேன் கணக்கு விளம்பரத்தை அளப்பதோடு நில்லாமல், நெசவாளரின் பெயரையும் காக்கிறது.

கவனிக்க வேண்டியவை

குறியைச் சுற்றி நான்கு கட்ட அளவு வெற்றிடம் விடுதல் வேண்டும். பத்து அடி தூரத்திலிருந்து படிக்க வேண்டிய குறி ஏறக்குறைய ஓர் அடி அகலம் இருத்தல் நலம். மடிப்பு விழும் துணிச் சீட்டுக்கு, முப்பது சதவீதம் வரை சிதைந்தாலும் படிக்கக்கூடிய உயர்ந்த திருத்த நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இவை யாவினும் முக்கியமானது ஒன்றுண்டு. மாறு குறியைப் பிற நிறுவனத்திடம் சந்தாவிற்கு எடுத்தால், சந்தா நின்ற அன்றே அச்சிட்ட சீட்டுகள் பயனற்றுப் போகக்கூடும். இடைவழி முகவரி சங்கத்தின் சொந்த இணையப் பெயரில் அமைதலே பாதுகாப்பு. வாங்குவோரின் பெயரும் எண்ணும் கேட்கப்படுமானால், 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்திற்கொண்டு, எதற்காகக் கேட்கிறோம் என்பதை அவர்க்குத் தெளிவாகக் கூறி, இசைவு பெற்றே வாங்க வேண்டும். வேண்டாததைக் கேளாதிருத்தல் அதனினும் நன்று.

மாதந்தோறும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இடம், செலவு, ஸ்கேன், விற்பனை, ஒரு விற்பனைக்கு ஆன செலவு என்னும் ஐந்து பத்திகள் கொண்ட ஒரு தாளை வைத்தல் போதுமானது. இதற்குப் பெரும் கணினி அறிவு வேண்டுவதில்லை. வரவு செலவைச் சரியாக எழுதும் பழக்கமே போதும். அப்பழக்கம் கூட்டுறவாளர்க்குப் புதியதன்று. அடுத்த மகாசபையில் விளம்பரச் செலவு படிக்கப்படும்போது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வைந்தாம் பத்தியைக் கேட்டு அறிவாராக.