காதில் 12 எண்கள்... கறவை மாட்டுக்கும் ஒரு ஜாதகம்!

அன்னூர்ப் பக்கத்தில் மாடு பிடிக்க வேண்டுமென்றால் பலரும் கிளம்புவது புஞ்சைப் புளியம்பட்டி சந்தைக்கு. பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். நான்கு காம்பிலும் பால் பீய்ச்சிப் பார்ப்பார்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். ஆனால், போன ஈத்தில் மடிநோய் வந்ததா, எத்தனையாவது ஊசிக்குச் சினை பிடித்தது, எப்போதாவது கன்று வீசியதா? இதற்கெல்லாம் விற்பவர் சொல்வதுதான் பதில்: ‘ஒரு குறையும் இல்லைங்க!’

இந்த வாய்மொழியை எழுத்தாக்கும் வசதி மாட்டின் காதிலேயே தொங்குகிறது. மஞ்சள் வில்லை, அதில் 12 இலக்க எண். இன்ஷூரன்ஸுக்கான அடையாளம் என்றே நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மாட்டின் ஆதார் எண். இனம், வயது, தடுப்பூசி, சினை ஊசி, கன்று ஈன்றது, சிகிச்சை எல்லாவற்றையும் இந்த ஒரே எண்ணின் கீழ் பதிய முடியும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய ‘இனாஃப்’ என்ற கணினிப் பதிவேட்டில் தொடங்கிய வேலை, இப்போது ‘பாரத் பசுதன்’ என்ற பெயரில் தொடர்கிறது.

பதிவு ஏன் அவசியம் என்பதற்குக் கன்று வீச்சு நோய் ஒன்றே போதும். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கன்று வீச்சுக்கோ, 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுக்கு, ஆயுளில் ஒரே ஒருமுறை. அந்தக் கிடாரி கைமாறிப் போனால், ஊசி போட்டார்களா என்று புதிதாக வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? சந்தேகத்துக்கு இன்னொன்று போடலாம் என்றால், சினை மாட்டுக்கு அதுவே கருவைக் கலைத்துவிடக் கூடும். இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். காய்ச்சாத பால் வழியாகவும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் அள்ளும்போதும்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது, எல்லோரும் ஒரே சொல்லில் பதிய வேண்டும். ஒருவர் ‘மடி வீக்கம்’ என்பார், இன்னொருவர் ‘பால் திரிஞ்சு வருது’ என்பார், மூன்றாமவர் மருந்தின் பெயரை மட்டும் கிறுக்கிவிட்டுப் போவார். கணினிக்கு இவை மூன்றும் வேறு வேறு நோய்கள்!

நார்வே இதை 1975-லேயே சரிசெய்தது. நாடு முழுக்க ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு சுகாதார அட்டை, அதில் எல்லா மருத்துவர்களும் ஒரே மாதிரி எழுத வேண்டும். 1978-ல், காளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது மடிநோயையும் கணக்கில் எடுத்தார்கள். மகள்களுக்கு மடிநோய் அதிகம் வந்தால், அந்தக் காளைக்கு மதிப்பெண் குறையும்.

மடிநோயில் பரம்பரையின் பங்கு சிறியதுதான். கொட்டகைத் தரை, கறக்கும் கையின் சுத்தம் எல்லாம் அதைவிடப் பெரிய காரணங்கள். அதனால், இரண்டு மகள்களைப் பார்த்துக் காளையை எடைபோட முடியாது. நூற்றுக்கணக்கான மகள்களின் பதிவு வேண்டும். அன்னூரில் இரண்டு மாடு வைத்திருப்பவரின் பதிவும் அந்தக் கணக்கில் ஒன்று. நம் மாடுகளுக்கென்றே ‘கௌசிப்’ என்ற மரபணு சிப் 2024 அக்டோபரில் வந்துவிட்டது. ஆனால், எந்த மரபணு எந்த நோயோடு சேர்ந்து வருகிறது என்று அதற்குச் சொல்லித்தர, கொட்டகையிலிருந்து வரும் பதிவுகள்தான் வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நோயைப் பதிந்தால் சந்தையில் விலை இறங்குமே என்ற பயம். நியாயமான பயம்தான், மாடு விற்ற காசில் கல்யாணச் செலவைப் பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால், மறைத்து விற்றவரே அடுத்த மாதம் வாங்குபவராகவும் சந்தையில் நிற்கிறார். சுத்தமான பதிவுள்ள மாட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் நாள் வரும்வரை இந்தத் தயக்கம் போகாது.

அதுவரை ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சினை ஊசி போட்டால், தேதியோடு உறைவிந்துக் குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுமார் 21-ம் நாள் மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். மடிக்கு மருந்து ஏற்றினால், கடைசியாக ஏற்றிய தேதியையும், எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் குறித்து வையுங்கள். காது வில்லை அறுந்து விழுந்தால் தூக்கிப் போட வேண்டாம். புது வில்லை போடும்போது பழைய எண்ணைச் சொன்னால்தான், பழைய பதிவு புது எண்ணோடு சேரும்.