தண்ணீர் இறங்குது, பொடி ஏன் நிக்குது?

இன்னைக்குப் புனல் பத்திப் பேசலாம். பழைய தமிழில் புனல் என்றால் ஓடுற தண்ணீர், ஆத்து வெள்ளம். இப்போ நம்ம சமையலறையில அது எண்ணெய் ஊத்துற பிளாஸ்டிக் கூம்பு.

வாய் குறுகின பாட்டில்ல புனலை இறுக்கி வச்சு ஊத்தினா, கொஞ்சம் இறங்கிட்டு நின்னுடும். அப்புறம் களக் களக்னு குமிழி வரும். காரணம் காத்துதான். காலி பாட்டில் உண்மையில காலி இல்லை. உள்ளே இருக்கிற காத்து வெளியேற வழி வேணும். புனலை லேசாத் தூக்கினாப் போதும். சில புனல்களோட குழாயில வெளிப்பக்கம் நீளமா மேடு இருக்கும் பாருங்க, அது அழகுக்கு இல்லை, காத்துக்கான சந்து.

கெமிஸ்ட்ரி லேப்ல பிரிபுனல் ஞாபகம் இருக்கா? எண்ணெயும் தண்ணீரும் தனி அடுக்கா நின்னதும், அடியில இருக்கிற தண்ணீரை மட்டும் இறக்கிட்டுத் திருகை மூடிடலாம்.

இதெல்லாம் திரவத்தோட கதை. அதே எண்ணெய்ப் புனல்ல இட்லிப் பொடியைக் கொட்டிப் பாருங்க, அடைச்சுக்கும். துகள்கள் ஒண்ணையொண்ணு முட்டுக்கொடுத்து, கழுத்துக்குக் குறுக்கே ஒரு வளைவு கட்டிடும். கல் பாலத்தோட வளைவு நிக்குதே, அதே கதைதான். தட்டினா உடையும். அதனாலதான் பொடிக்கான புனல்ல குழாய் குட்டையா, அகலமா இருக்கும்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஓட்டை போட்ட வாளியில தண்ணீர் குறையக் குறைய ஒழுகுற வேகமும் குறையும். மணல் கடிகாரத்துல மணல் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல விழும். மணலோட எடையில பெரும்பகுதியைச் சுவர் உராய்வால தாங்கிக்குது. தானியக் கிடங்குகளை வச்சு ஜான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் 1895லேயே இதை எழுதிட்டார்.

அந்தக் கிடங்கு, அதாவது சைலோ, பலதும் அடியில ராட்சசப் புனல்தான். அங்கேயும் ஈரமான தானியம் இறுகிப் பாலம் கட்டும். மேல பார்த்தா கெட்டியான தரை மாதிரி இருக்கும், கீழே வெற்றிடம். அதை உடைக்க ஒரு ஆள் மேல ஏறி நின்னா, பாலம் இடிஞ்சு அவரும் உள்ளே போயிடுவார். அடியில மெஷின் ஓடிட்டிருந்தா, சில நொடிகள்ல இடுப்பளவு புதைஞ்சிடுவார். இப்படிப் பலர் இறந்திருக்காங்க. அதனால, ஆள் இறங்குறதுக்கு முன்னாடி மெஷினை நிறுத்திப் பூட்டணும்னு அமெரிக்காவில சட்டமே இருக்கு.

புதைஞ்சவரைக் கயிறு கட்டி இழுத்தா வரமாட்டார். தானியம் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கும், இழுத்தா உடம்புக்குத்தான் சேதம். மீட்புக்குழு அவரைச் சுத்தித் தகடுகளை இறக்கி, ஒரு வேலி மாதிரி கட்டி, அதுக்குள்ளே இருக்கிற தானியத்தை மட்டும் அள்ளி எடுப்பாங்க. இடுப்பு, அப்புறம் முழங்கால்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆள் வெளியே வருவார்.