காய்க்காத வேலி

நம் மல்லிகைக்கும் மேல்நாட்டு ஒலிவ மரத்துக்கும் தாயாதி முறையாகும் பிரிவெட் என்னும் புதர்ச்செடி, எத்தனை தரம் கத்தரித்தாலும் சளைக்காமல் மறுபடி தழைத்து, வெயிலென்றும் நிழலென்றும் பேதம் பாராமல் வளர்ந்து, சில வருஷங்களுக்குள் ஆள் மறைக்கும் பச்சைச் சுவராக எழுந்து நிற்கும் சுபாவமுடையது. இந்தச் சுபாவத்தை மெச்சித்தான் 1852-ஆம் ஆண்டு சீனத்துப் பிரிவெட்டை அலங்காரச் செடியாக அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். வந்த விருந்தாளி தோட்டத்து எல்லையோடு நின்றிருந்தால் யாருக்கும் விரோதமில்லை. அதுவோ தென் மாநிலங்களின் ஆற்றங்கரைக் காடுகளுக்குள் புகுந்து, பெருமரங்களின் நிழலிலேயே புதர் புதராக மண்டி, அங்கே முளைத்தெழ வேண்டிய நாட்டுச் செடிகளுக்கு ஒளி கிட்டாமல் செய்துவிட்டது.

ஜார்ஜியா மாநிலத்து ஒக்கோனி ஆற்றுப்படுகையில் அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் சில இடங்களில் இந்தப் புதரை அறவே வெட்டி நீக்கிவிட்டு, நீக்காத இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீக்கிய இடங்களில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் எண்ணிக்கையிலும் வகையிலும் கணிசமாகப் பெருகியிருக்கக் கண்டார்கள். கொத்துக் கொத்தாக வெண்பூக்களைச் சொரியும் செடியே தேனீக்களை விரட்டியது என்பது விசித்திரந்தான். ஆனால் ஒரே செடி சில வாரங்கள் பூத்துத் தரும் விருந்தைவிடப் பல செடிகள் மாறி மாறிப் பூத்துத் தரும் அன்றாடச் சோறு மேலானது என்று தேனீக்கள் எண்ணினால் அதில் தவறென்ன? இதே குடும்பத்தில், இலங்கைக் காடுகளில் அடக்கமாக வாழும் ஒரு வகை, கடல் கடந்து மொரீஷியஸுக்கும் ரீயூனியன் தீவுக்கும் போய் அங்கே பெரும் உபத்திரவமாகியிருக்கிறது.

உபத்திரவத்தின் மூலம் பழத்தில் இருக்கிறது. மிளகைவிடச் சற்றே பெரிதாய், கருநீல நிறத்தில், குளிர்காலத்திலும் கிளையிலேயே தங்கியிருக்கும் அந்தப் பழத்தை, வேறு இரை அருகிய அந்த நாட்களில் பறவைகள் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதையை எச்சத்தோடு இட்டுச் செல்கின்றன. ஆகவே, வேலியும் வேண்டும், பழம் மட்டும் வேண்டாம் என்ற நிலையில், உலகமெங்கும் விளைச்சலைப் பெருக்கவே பாடுபடும் பயிர்ப்பெருக்க விஞ்ஞானிகள், ஒரு செடியை மலடாக்கும் விபரீதமான முயற்சியில் இறங்க நேர்ந்தது. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய விதையில்லா அலங்காரச் செடிகளை உருவாக்குவதற்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது.

இதற்கான யுக்தி நமக்குப் புதியதன்று. பூவன் பழத்தையும் ரஸ்தாளியையும் உரித்து விதை துப்பாமல் தின்கிறோமே, அதே யுக்திதான். பிரிவெட்டின் உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள், இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நிற்கின்றன. முளைக்குருத்தைக் கொல்கிசின் என்ற ரசாயனத்தில் நனைத்தால், உயிரணு பிளவுபடும் வேளையில் குரோமோசோம்கள் பிரிந்துபோக வழியில்லாமல் தங்கிவிட, 46 என்பது 92 ஆகிறது. இந்த இரட்டித்த செடியைச் சாதாரணச் செடியோடு கலந்தால் பிறக்கும் பிள்ளைக்கு 69 குரோமோசோம்கள். மும்மூன்றாக நிற்கும் அவை ஜோடி சேரத் தெரியாமல் தடுமாறுவதால் நல்ல மகரந்தமும் உருவாவதில்லை, நல்ல சூலும் உருவாவதில்லை. கொல்கிசினின் இந்தச் சக்தி 1937-ஆம் ஆண்டு உலகறிய வெளிப்பட்டது. கண்வலிக்கிழங்கு என்றும் வழங்கும் நம் செங்காந்தளில் இருப்பதும் இதே சரக்குதான். திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்குப் பந்தலின் கீழ், பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டுவைத்து, விதை பிடிக்கவேண்டுமே என்று குடியானவர்கள் பிரயாசைப்படுவது அந்தச் சரக்குக்காகத்தான். அங்கே அரும்பாடுபட்டு விளையும் விதையிலிருக்கும் பொருளே வேறொரு செடியின் விதையைப் பிடிக்காமல் செய்யவும் உதவுகிறது!

ஆனாலும் அவசரப்பட்டு வெற்றி முழங்கலாகாது. பத்தாயிரம் பழம் பழுக்கும் புதர், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைத்துப் பழுத்தாலும் ஆயிரம் பழம் மிஞ்சும். பறவைக்கு அது தாராளம். 1963-ஆம் ஆண்டு அமெரிக்க விவசாய இலாகா வெளியிட்ட பிராட்ஃபோர்டு என்னும் அலங்காரப் பேரி மரம், தன் ரகத்து மகரந்தத்தைத் தானே ஏற்காததால் காய்ப்பதில்லை என்று நம்பி வீதிக்கு வீதி நடப்பட்டது. பிற்பாடு வேறு ரகப் பேரிகள் பக்கத்திலே வந்து சேரவே, கலப்பு நேர்ந்து, காய்த்துக் குலுங்கி, காட்டிலும் மேட்டிலும் பரவி, 2024-இல் சௌத் கரோலினா மாநிலம் அதன் விற்பனையையே தடை செய்யும் அளவுக்குப் போயிற்று. ஆகையால், புதிய பிரிவெட்டை வருஷக்கணக்கில் வளர்த்து, அது பூக்கும் வரை பொறுத்திருந்து, பக்கத்தில் வேறு பிரிவெட்டுகளையும் நிறுத்திவைத்து, காய் பிடிக்கிறதா என்று கிளை கிளையாகப் பரிசோதித்த பிறகே வெளியே விடவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போதே கடைகளில் விற்கும் 'சன்ஷைன்' என்ற ரகம் பொன்னிற இலையோடு, விதையற்றது என்ற உறுதிமொழியோடு வருகிறது. வெள்ளை விளிம்புள்ள பழைய அலங்கார ரகத்தை வேலியாக வைத்திருப்பவர்களுக்கோ வேறொரு வேலை காத்திருக்கிறது: திடீரென்று நடுவே ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகத் துளிர்க்கும், பச்சையம் மிகுந்த அது மற்றக் கிளைகளை முந்தி வளர்ந்து, பூத்து, பழைய வம்சத்தின் கருநீலப் பழங்களைத் தாங்கி நிற்கும். கத்தரியோடு வருகிற தோட்டக்காரர் முதலில் தேடவேண்டியது அந்தக் கிளையைத்தான். அதையும் நுனியில் நறுக்கிப் பயனில்லை, அது கிளைத்த அடியோடு வெட்டி எடுக்கவேண்டும்.